ஒரே வாசல் உள்ள சுரங்கம்: வாசகர் கேள்வி–பதில்

(மும்பையில் கழிவுநீர்ச் சுரங்க வேலைகளில் இருந்து ஓய்வு பெற்று, செம்பூரில் வசிக்கும் பொறியாளர் ஒருவர் இந்த மாதம் பதிலளிக்கிறார்.)

போன இதழில், ‘வர்ளியில் கடலுக்கு அடியில் 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சாக்கடை ஓடுகிறது, பாந்த்ராவிலும் அப்படியே ஒன்று’ என்று போகிற போக்கில் எழுதினேன். அதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருப்பதாகச் சொல்லி ஆசிரியர் அனுப்பிவிட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல இடம் போதாது. அதிகம் பேர் கேட்டதையும், எனக்குப் பிடித்ததையும் எடுத்துக்கொண்டேன்.

சார், கோஸ்டல் ரோட்டுக்காக மலபார் ஹில்லுக்கு அடியில் 12 மீட்டர் விட்டத்தில் குடைந்துவிட்டார்கள். அதைப் பார்த்தால் 3.5 மீட்டர் சாக்கடைச் சுரங்கம் எல்லாம் ஒரு சவாலா?
– சிவில் படிக்கும் மாணவர், மாட்டுங்கா

தம்பி, விட்டத்தை விடுங்கள், வாசலை எண்ணுங்கள். அங்கே குடைந்த ‘மாவலா’ மெஷின் பிரியதர்ஷினி பார்க் பக்கம் இறங்கியது, 2022 ஜனவரியில் கிர்காவ் பக்கம் வெளியே வந்தது. கடைசி சுவர் உடைந்தபோது கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். கடலில் முடியும் சுரங்கத்தில் அந்தப் பக்கம் நின்று கைதட்ட ஆள் கிடையாது. கரையில் ஒரு ஷாஃப்ட், அதாவது செங்குத்துக் குழி இருக்கும், அவ்வளவுதான். ஆள் இறங்குவது, காற்று போவது, செக்மென்ட் (சுரங்கச் சுவருக்கான கான்கிரீட் துண்டு) போவது, வெட்டிய மண் வருவது, அடிபட்டவனைத் தூக்கி வருவது எல்லாம் அந்த ஒரு குழி வழியாகத்தான். மறுமுனை கடல் தரைக்கு அடியில் மொட்டையாக நிற்கும்.

இதனால் வரும் சங்கடங்களைக் கேளுங்கள். முதலாவது சர்வே. இரண்டு வாசல் இருந்தால் உங்கள் அளவு சரியா தவறா என்பது மறுமுனையில் தெரிந்துவிடும். ஒரு வாசல் சுரங்கத்தில் கடைசி வரை யாரும் உங்களைச் சரிபார்க்கப் போவதில்லை. கோணத்தில் ஒரே ஒரு கலை, அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் 3.4 கிலோமீட்டர் முடிவில் நீங்கள் ஒரு மீட்டர் தள்ளி நிற்பீர்கள். அங்கே உங்களுக்காகக் கடலிலிருந்து இறக்கிய ரைசர்கள், அதாவது கழிவுநீரைக் கடலுக்கு ஏற்றிவிடும் செங்குத்துக் குழாய்கள் காத்திருக்கும். ஒரு மீட்டர் என்பது சில இடங்களில் ரைசரின் விட்டத்தையே தாண்டிய அளவு. அதனால்தான் ஜைரோ தியோடலைட்டைக் கொண்டுபோய் வழியெல்லாம் வடக்கு எது என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

அடுத்தது பாறை. மும்பை முழுக்க கருங்கல்தான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பசால்ட் உண்மைதான், ஆனால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்தது அது. இரண்டு அடுக்குக்கு நடுவே களிமண் மாதிரி மெத்தென்ற படிவமும், சாம்பல் பாறையும், உடைந்த கல் கலந்த பிரெச்சியாவும் சிக்கும். வர்ளி மலையே அப்படிப்பட்ட கலவைக்குப் பேர்போனது. கல்லை நொறுக்கப் பூட்டிய டிஸ்க் கட்டர் களிமண்ணில் சுற்றாமல் ஒரு பக்கமாகத் தேயும். களிமண்ணுக்கு ஏற்ற பல்லோ கல்லில் பட்டால் உடைந்து விழும். மேல் பாதி கல், கீழ் பாதி சேறு என்று முகப்பு அமைந்துவிட்டால் மெஷின் லேசான பக்கம் சாயப் பார்க்கும். ஊருக்குள் என்றால் மேலிருந்து துளை போட்டு கிரவுட், அதாவது சிமென்ட் குழம்பு இறக்கலாம், மிஞ்சினால் நடுவில் ஒரு ஷாஃப்ட் தோண்டலாம். கடலில் தலைக்கு மேல் இருப்பது தண்ணீர். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தத் தண்ணீரில் பார்ஜ் (தட்டைப் படகு) நிறுத்தவும் முடியாது. உள்ளே இருந்தபடியே முன்னால் துளை போட்டுப் பார்த்து, கசிவு இருந்தால் அடைத்து, பிறகுதான் நகர வேண்டும்.

வெட்டி முடித்த பின்னும் மெஷினை வெளியே எடுக்க முடியாது. மோட்டாரையும் பேரிங்கையும் கழற்றிப் பின்னால் இழுத்து வருவோம். வெளிக்கவசம் கடலுக்கடியிலேயே தங்கிவிடும்.

2025 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் கழிவுநீர்ச் சுரங்கம் சரிந்து 31 பேர் மாட்டிக்கொண்டதாகப் படித்தேன். என் தம்பி இங்கே மெட்ரோ சுரங்கத்தில் இருக்கிறான். பயமாக இருக்கிறது.
– ஒரு அக்கா, முலுண்ட்

அந்த 31 பேரும் உயிரோடு வந்துவிட்டார்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சுத்திகரித்த நீரைக் கடலுக்குக் கொண்டுபோக அங்கே 7 மைல் நீளத்தில், 18 அடி விட்டத்தில் ஒரு சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் இருந்த இடம் வாசலிலிருந்து ஐந்து மைலுக்கு மேல். அவர்களுக்கும் வாசலுக்கும் நடுவே சுரங்கம் சரிந்தது. 12 முதல் 15 அடி உயரத்துக்குக் கிடந்த மண்மேட்டின் மேல் ஊர்ந்து இந்தப் பக்கம் வந்து, வண்டி ஏறி வெளியே வந்தார்கள். மண் மேற்கூரை வரை நிரம்பியிருந்தால் கதை வேறு. மெட்ரோவில் நிலையத்துக்கு நிலையம் வழி இருக்கும், இரட்டைச் சுரங்கத்துக்கு நடுவே குறுக்குப் பாதையும் இருக்கும். உங்கள் தம்பியின் நிலைமை அந்த 31 பேருடையதைவிட எவ்வளவோ மேல்.

என்னை அதிகம் உறுத்துவது அதைவிடப் பழைய சம்பவம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்காக மசாசூசெட்ஸ் வளைகுடாவுக்கு அடியில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு கழிவுநீர்ச் சுரங்கம் போட்டார்கள். கடைசிப் பகுதியில் 55 ரைசர்கள். ரைசர்களை மேலிருந்து துளைத்து முதலிலேயே நட்டுவிட்டார்கள். கடல்நீர் சுரங்கத்துக்குள் கொட்டிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மூடி. மேலே கடல் பக்கமும் மூடி உண்டு, ஆனாலும் இரட்டைப் பாதுகாப்பு. சரி, நல்ல யோசனைதான். ஆனால் அந்த 55 மூடிகளை எப்போது கழற்றுவது? எல்லா வேலையும் முடிந்த பிறகு. எல்லா வேலையும் முடிந்தது என்றால் விளக்கு, மின்சாரம், காற்றுக்குழாய் எல்லாம் கழற்றியாகிவிட்டது என்று அர்த்தம். காற்றுக்குழாய் இல்லாத 15 கிலோமீட்டர் முட்டுச்சந்தில் மூச்சுவிட முடியாது. அதனால் 1999 ஜூலையில், தண்ணீரே இல்லாத சுரங்கத்துக்குள் கடல் முக்குளிப்பவர்களை சுவாசக் கருவியோடு வண்டியில் அனுப்பினார்கள். ஐந்து பேர் போனார்கள். கருவி சரியான அளவு ஆக்சிஜன் தரவில்லை. இரண்டு பேர் திரும்பவில்லை.

பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? கடல் மேலிருந்து ஒரு ரைசரைத் திறந்து, அதன் வழியாகக் காற்றோட்டம் ஏற்படுத்தி, மீதி மூடிகளைக் கழற்றி முடித்தார்கள். 2000 செப்டம்பரில் சுரங்கம் ஓட ஆரம்பித்தது. அதாவது இரண்டாவது வாசல் ஒன்று இருக்கத்தான் இருந்தது, அதைத் திறக்கச் செலவாகும் என்பதுதான் தடை. ஏழு மீட்டர் விட்டத்தில் 15 கிலோமீட்டர் குடைந்த ஊரில், கடைசி மூடியை யார் கழற்றுவது, அப்போது எதைச் சுவாசிப்பது என்ற கேள்வி வேலை முடியும் தறுவாய் வரை தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. இதை வரைபடத்தில் முதல் நாளே எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். சண்டை போட்டிருக்கிறேன், போட்டுக்கொண்டே இருப்பேன்.

தாத்தா, குழாயின் வாய் கடலுக்குள்ளேதானே இருக்கிறது? கடல் தண்ணீர் ஏன் உள்ளே வருவதில்லை?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சயான்

வரும் கண்ணு. தள்ளிக்கொண்டே இருந்தால்தான் வராது.

ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 1,025 கிராம் எடை. சாக்கடைத் தண்ணீர் 1,000 கிராம் சொச்சம். பத்து மீட்டர் ஆழத்தில் உள்ள வாய் வழியாகக் கழிவுநீரை வெளியே தள்ள வேண்டுமானால், இந்த எடை வித்தியாசத்துக்காக மட்டும் கரையில் 25 சென்டிமீட்டர் கூடுதல் உயரம் வேண்டும். கணக்கை நீயே போட்டுப் பார். பாஸ்டன் மாதிரி 30 மீட்டர் ஆழம் என்றால் 75 சென்டிமீட்டர். இதோடு மும்பையின் ஓதம் சேரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே ஐந்து மீட்டர் வரை வித்தியாசம் வரும். மழைக்காலத்துக்கு முன்பே மாநகராட்சி ‘இந்தத் தேதிகளில் 4.5 மீட்டருக்கு மேல்’ என்று பட்டியல் போடுகிறதே, அந்த நாட்களில் பம்ப் படும் பாடு தனி.

ராத்திரி ஊர் தூங்கும்போது வரத்து குறையும். அப்போது வேடிக்கை நடக்கும். சில ரைசர் வெளியே துப்பும், சில ரைசர் கடல்நீரை உள்ளே இழுக்கும். அந்த நீரோடு மணல் வரும், சிப்பிக் குஞ்சு வரும். வந்தவை உள்ளே ஒட்டி வளர்ந்து வழியை அடைக்கும். கனமான கடல்நீர் அடியில் போய்ப் படுத்துவிட்டால், பெரிய வரத்து வந்து உதைத்துத் தள்ளினால்தான் கிளம்பும். ரப்பரில் வாத்து மூக்கு மாதிரி ஒரு வால்வு உண்டு. உள்ளிருந்து தள்ளினால் விரியும், தள்ளாவிட்டால் மூடிக்கொள்ளும். வரத்து போதாத ஆரம்ப வருடங்களில் சில ரைசர்களை மூடி வைப்பதும் வழக்கம்.

அந்தச் சுரங்கத்தை யார் கழுவுகிறார்கள்?
– ஒரு பாட்டி, காட்கோபர்

தண்ணீரே கழுவிக்கொள்ள வேண்டியதுதான் பாட்டி. மனுஷன் நுழைய முடியாது, ஊரிடம் ‘இன்று யாரும் குளிக்காதீர்கள்’ என்று சொல்லி நிறுத்தவும் முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டுக் கையேட்டின்படி மண் படியாமல் இருக்க வினாடிக்கு குறைந்தது 0.6 மீட்டர் வேகம் வேண்டும். 3.5 மீட்டர் விட்டமுள்ள குழாய் நிரம்பி அந்த வேகத்தில் ஓட வினாடிக்கு சுமார் 5,800 லிட்டர் தேவை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கோடி லிட்டர். வர்ளியில் கட்டப்படும் புதிய சுத்திகரிப்பு நிலையத்தின் முழுக் கொள்ளளவே நாளொன்றுக்கு 50 கோடி லிட்டர்தான், பாந்த்ராவில் 36 கோடி. அதுவும் நாள் முழுக்க ஒரே சீராக வருவதில்லை, காலையில் குபுகுபு, ராத்திரி மூன்று மணிக்கு நூல். அந்த 0.6 மீட்டர் வேகத்தில்கூட நீங்கள் ஊற்றிய ஒரு சொம்புத் தண்ணீர் 3.4 கிலோமீட்டரைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். நாளைக்கு ஊர் பெருகும் என்று குழாயைப் பெரிதாகப் போட்டால் இன்றைக்கு மண் படியும். இன்றைய அளவுக்குப் போட்டால் நாளைக்கு வழியும். இந்த இழுபறியில் எனக்குத் தெரிந்து முழுசாக ஜெயித்தவர் இல்லை. மணலையும் குப்பையையும் கரையிலேயே பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எப்படியும் கடலில்தான் விடுகிறோம். பரந்த கடல் தாங்காதா? அப்புறம் எதற்கு 17,200 கோடி செலவில் ஏழு சுத்திகரிப்பு நிலையம்? இன்னும் நாலு கிலோமீட்டர் நீட்டிவிட்டால் போதுமே.
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வாஷி

ஐயா, நீங்கள் கேட்டதைப் பெரிய பெரிய மேஜையில் பெரிய பெரிய ஆட்கள் கேட்டு நானும் கேட்டிருக்கிறேன். நீளத்தை விற்பது சுலபம், ஏனென்றால் அதை ரிப்பன் வெட்டித் திறக்கலாம்.

கடல் தாங்கும், எப்போது என்றால் கலந்தால். சிட்னியில் 1990, 1991இல் திறந்த மூன்று ஆழ்கடல் வெளியேற்றங்கள் இரண்டு முதல் நாலு கிலோமீட்டர் தூரம்தான் போகின்றன, ஆனால் அங்கே ஆழம் 60 முதல் 80 மீட்டர். அடியில் விட்ட நீர் லேசானது என்பதால் மேலே எழும். எழும் வழியெல்லாம் கடலைக் குடித்துக்கொண்டு போகும், மேலே வருவதற்குள் நூறு மடங்குக்கும் மேல் நீர்த்துவிடலாம். அதற்காகத்தான் கடைசிப் பகுதியில் ஒரே வாயாக விடாமல், பூவாளி மாதிரி பல துளைகளாகப் பிரித்து விடுகிறோம். மும்பைக் கடற்கரை அப்படி இறங்குவதில்லை. 3.4 கிலோமீட்டர் போன பிறகும் சிட்னி ஆழத்தில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். கழிவுநீர் எழுந்து வர உயரமே போதாது. நாலு கிலோமீட்டர் நீட்டினாலும் ஆழம் அந்த அளவுக்குக் கூடாது, செலவுதான் கூடும். மேலும் நம் கடலில் நீரோட்டம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திசை மாறும். போனது திரும்பி வரும். கிருமியை வெயில் கொல்லும் என்பார்கள், உண்மை. ஆனால் மழைக்காலத்தில் கலங்கிய கடலுக்குள் வெயில் எங்கே இறங்குகிறது?

வர்ளிக்கும் பாந்த்ராவுக்கும் இந்தச் சுரங்கங்கள் 1995இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய திட்டத்தில் வந்தவை. கரையில் அப்போது வைத்ததெல்லாம் கம்பிச் சல்லடையும் மணல் தொட்டியும்தான். மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும் என்று கணக்கு. அந்தக் கணக்குக்கு வயதாகிவிட்டது. 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய ஏழு நிலையங்கள் (வர்ளி, பாந்த்ரா, தாராவி, வெர்சோவா, மாலாட், பாண்டுப், காட்கோபர்) நாளொன்றுக்கு மொத்தம் சுமார் 246 கோடி லிட்டருக்கானவை. என்னைக் கேட்டால், சுரங்கத்துக்கு முன்பே இது வந்திருக்க வேண்டும். பாஸ்டனில் சுரங்கத்தையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் ஒரே மூச்சில் கட்டினார்கள், வளைகுடா தெளிந்ததில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

மாஹிம் பக்கம் ரயிலில் போனால் இன்னும் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கிறதே!
– பலர்

அது சுரங்கத்துக்கு வந்தே சேராத தண்ணீர். பாதாள சாக்கடை இணைப்பு இல்லாத வீடும் பட்டறையும் நாலாவில் (வாய்க்காலில்) விடுகின்றன, நாலா மித்தி ஆற்றில் விழுகிறது, மித்தி மாஹிம் கழிமுகத்தில். காகிதத்தில் மும்பைக்கு மழைநீர் வேறு, கழிவுநீர் வேறு. குடிசைப் பகுதியின் சந்துக்குள் கடைசி 200 மீட்டர் குழாய் போட எவனும் உலக டெண்டர் விடுவதில்லை. கடலுக்கடியில் போவதைவிட அது கஷ்டமான வேலை என்று சொன்னால் நம்புவீர்களா? சுரங்கம் குடையும் மெஷின் அங்கே நுழையாது.

போம்பில் மீன் சாப்பிடலாமா?
– மீன் பிரியர், கோலிவாடா

நான் டாக்டர் இல்லை. சாப்பிடுகிறேன், நன்றாக வேகவைத்து. ஆனால் ஊருக்கு அருகே பாறையில் ஒட்டிய சிப்பியைத் தொடமாட்டேன். மீன் நகரும். சிப்பி ஒரே இடத்தில் உட்கார்ந்து, வருகிற தண்ணீரையெல்லாம் வடிகட்டி, அழுக்கைத் தன்னிடமே சேர்த்துக்கொள்ளும்.

சாக்கடைச் சுரங்கத்தின் கான்கிரீட் அரித்துப்போகும் என்கிறார்களே, எப்படி? எங்கள் பகுதியில் மேன்ஹோலில் இறங்கி ஆட்கள் சாவதும் அதே வாயுவாலா?
– தாராவி கிராஸ் ரோடு வாசகர்

அதே வாயுதான். குழாயின் அடியில் படியும் வழவழப்பில் காற்று புகாது. அங்கே வாழும் பாக்டீரியா சல்பேட்டை சல்பைடாக மாற்ற, ஹைட்ரஜன் சல்பைடு மேலே கிளம்பும். ஈரமான கூரையில் இன்னொரு பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். கான்கிரீட் மாவாக உதிரும். கடலுக்கடிச் சுரங்கம் நிரம்பி ஓடுவதால் அங்கே கூரைக்கும் நீருக்கும் நடுவே காற்று இல்லை, இந்த நோய் குறைவு. ஊருக்குள் பாதி நிரம்பி ஓடும் குழாயும், தண்ணீர் விழும் ஷாஃப்ட்டும்தான் அரித்துப்போகும்.

ஆளைக் கொல்வது எப்படி என்றால், கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘இப்போ நாத்தம் இல்லை, இறங்கலாம்’ என்கிறான் பாருங்கள், அங்கேதான் போகிறான். அவனைத் தூக்க இறங்குபவனும் போகிறான். 2013 சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். சாவு நேர்ந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் சொசைட்டியில் காண்ட்ராக்டர் கயிறும் வாளியுமாக வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள், உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

உங்களுக்கு ஊரில் என்ன பெயர்?
– குறும்புக்காரர், அந்தோப் ஹில்

‘கக்கூஸ் இன்ஜினியர்’. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் ‘நீரியல் நிபுணர்’ என்று போட்டார்கள்.

கடல் தரையின் மேலேயே குழாயைப் போட்டுவிட்டால் சுரங்கச் செலவு மிச்சமாகாதா?
– ஒப்பந்தக்காரர், நவி மும்பை

பல ஊரில் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸ் ஹைப்பீரியன் நிலையத்தின் 5 மைல் குழாய் 12 அடி விட்டம், 1960இலிருந்து கடல் தரையில் கிடக்கிறது. சின்ன ஊருக்கு ஹெச்டிபிஈ என்ற பிளாஸ்டிக் குழாயை மிதக்கவிட்டு இழுத்துப்போய், கான்கிரீட் எடை கட்டி மூழ்கடிப்பது மலிவு. மும்பையில் கரையோரம் அலை உடையும் இடத்தில் பள்ளம் வெட்டிப் புதைக்க வேண்டும், அடியில் பாறை, வெடி வைக்க வேண்டும். பருவமழையில் வெட்டிய பள்ளம் தூர்ந்துவிடும். மீனவர் நங்கூரம் வேறு. கணக்குப் போட்டால் இந்த விட்டத்துக்கு சுரங்கம்தான் நிற்கிறது.

என் மகன் சுரங்க வேலைக்குப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?
– ஒரு தகப்பனார், வடாலா

அனுப்புங்கள். இந்த நகரத்தில் இன்னும் இருபது வருடத்துக்குத் தோண்ட வேலை இருக்கிறது. சர்வேயை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளட்டும், அதில் ஆள் பஞ்சம். மராத்தி பேசத் தெரிந்தால் மாநகராட்சிக்காரர்களோடு பாதி வேலை சுலபம், ஷிஃப்ட் ஆட்களோடு இந்தி வேண்டும். வேலையில் சேரும் முன், காற்று மின்விசிறி நின்றால் மாற்று என்ன, தஞ்ச அறை எங்கே, கடைசி மூடி யார் கழற்றுவது என்று மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் கம்பெனி என்றால் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேண்டாம்.